நான்காம் பிரெடெரிக்: ஒரு தனியாட்சி மன்னனின் வரவும் செலவும்

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வட ஐரோப்பாவைக் கலக்கிய பெரும் யுத்தத்தின் சரித்திரத்தைப் படிக்கப் புகுவோரின் கருத்தை முதலிற் கவர்கிறவர்கள் இருவர். பதினெட்டு வயதில் படை நடத்தப் புறப்பட்டு, முப்பத்தாறாம் வயதில் நார்வே நாட்டுக் கோட்டையொன்றின் எதிரே முற்றுகைப் பள்ளத்தில் குண்டுபட்டு மாண்ட ஸ்வீடன் மன்னன் பன்னிரண்டாம் சார்லஸ் ஒருவன். சதுப்பு நிலத்தில் புதியதொரு தலைநகரை எழுப்பிய ருஷியச் சக்கரவர்த்தி பீட்டர் மற்றொருவன். இவ்விருவருக்கும் நடுவே அகப்பட்டு, ஒருவனுக்குப் பகைவனாகவும் மற்றவனுக்கு அரை மனத்து நண்பனாகவும் முப்பத்தோராண்டு அரசு செலுத்திய டென்மார்க்–நார்வே மன்னன் நான்காம் பிரெடெரிக்கைப் பற்றிப் பொதுச் சரித்திர நூல்கள் இரண்டொரு பக்கங்களுக்கு மேல் பேசுவதில்லை. பேசுமிடத்திலும் அவனுடைய தோல்விகளைச் சொல்லுமளவு விரிவாக வேறெதையும் சொல்வதில்லை. நம் நாட்டிலோ, தரங்கம்பாடிக்கு முதல் புராட்டஸ்டண்டுப் போதகர்களை அனுப்பியவன் என்ற ஒரே வாக்கியத்தோடு அவன் கதை முடிந்துவிடுகிறது.

அவன் பிறந்த நாட்டிலேயும் அவனைப் பற்றிய அபிப்பிராயம் ஒருமுகப்பட்டதன்று. விடியற்காலை முதல் காகிதக் கட்டுகளோடு போராடிய உழைப்பாளி என்பார் சிலர். பட்டத்து ராணி உயிரோடிருக்கையிலேயே வேறு பெண்களுக்கு மாலையிட்ட ஒழுக்கமற்றவன் என்பார் சிலர். குடியானவர்களின் தளையை அறுத்த தர்மவான் என்று ஒரு கட்சியும், அறுத்த தளையை வேறு பெயரால் தானே பூட்டியவன் என்று மற்றொரு கட்சியும் வாதிக்கும். இவை யாவும் ஓரளவுக்கு மெய் என்பதே விசித்திரம். இவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க வேண்டுமானால், ‘நல்லவனா, தீயவனா?’ என்று கேட்பதைக் காட்டிலும், வரம்பில்லாத அதிகாரம் என்று ஏட்டில் எழுதப்பட்ட ஓர் அதிகாரம் நடைமுறையில் எதுவரை சென்றது, எங்கே நின்றுவிட்டது என்று கேட்பதே பயனுடையதாகும் என்பது என் கருத்து.

அந்த ஏடு உண்மையாகவே ஓர் ஏடுதான். 1665-ஆம் ஆண்டு அவனுடைய பாட்டன் மூன்றாம் பிரெடெரிக்கின் காலத்தில், ‘அரச சட்டம்’ என்ற பெயரால் நாற்பது விதிகள் கொண்ட சாசனமொன்று இயற்றப்பட்டது. ஐரோப்பாவில் எத்தனையோ மன்னர்கள் தனியாட்சி செலுத்தினார்கள். ஆயினும் தனியாட்சியையே சட்ட வடிவில் விதி விதியாக எழுதி வைத்த நாடு டென்மார்க் ஒன்றே எனலாம். மன்னன் மனிதர்கள் இயற்றிய எந்தச் சட்டத்துக்கும் மேற்பட்டவன். தெய்வத்தைத் தவிர வேறொரு நியாயாதிபதியையும் அறியாதவன். அவனைக் கட்டுப்படுத்துவன மூன்றே: அவுக்ஸ்பர்க் விசுவாசப் பிரமாணத்தின்படி லூதரன் சமயத்தைக் காத்தல், ராஜ்யத்தைப் பிரிவினைக்கு உள்ளாக்காதிருத்தல், இந்தச் சட்டத்தையே குறைவுபடாமல் அடுத்தவனிடம் ஒப்படைத்தல். நெடுங்காலம் பிரஜைகளின் கண்ணுக்கு எட்டாதிருந்த இச்சாசனத்தை 1709-இல் அச்சிட்டு வெளியிடச் செய்தவன் நான்காம் பிரெடெரிக்கே. தன் அதிகாரம் எத்தகையது என்பதை அவன் எவ்வளவு கூர்மையாக உணர்ந்திருந்தான் என்பதற்கு இது ஒன்றே போதும். சமயத்தைக் காக்கும் கடமை அச்சட்டத்தின் முதற் கடமையாக நின்றதை வாசகர் மனத்திற் கொள்வாராக. பின்னே தரங்கம்பாடியைப் பற்றிப் பேசுமிடத்தில் அது வேண்டியிருக்கும்.

1671 அக்டோபர் 11-ஆம் நாள் கோபன்ஹேகன் அரண்மனையில் பிறந்த அவனுக்கு ஒழுங்கான கல்வி வாய்க்கவில்லை. தந்தை ஐந்தாம் கிறிஸ்டியன் வேட்டையில் பெரும் பிரியமுடையவன்; அந்த வேட்டையே அவனுக்கு யமனாகவும் முடிந்தது. 1698-இல் மான் ஒன்று உதைத்ததால் ஏற்பட்ட காயத்திலிருந்து தேறாமல், மறு வருஷம் ஆகஸ்டு 25-ஆம் தேதி அவன் மரணமடைய, இருபத்தேழு வயது மைந்தன் சிங்காசனம் ஏறினான். இலக்கண சுத்தமாக எழுதத் தெரியாத அம்மன்னன், தன் குறையைத் தான் அறிந்தவனாதலால், அறிவாளிகளுக்கு முன் நாணினான், மந்திரிகளிடம் ஐயங்கொண்டான், அந்த ஐயத்தாலேயே எல்லாக் காரியங்களையும் தன் கண்ணால் பார்த்துத் தன் கையால் முடிவெழுதப் பழகினான். உயர்குடிப் பிரபுக்களின் ஆலோசனையைக் காட்டிலும், நடுத்தர வகுப்பிலிருந்து வந்த காரியதரிசிகள் கொண்டுவந்து வைக்கும் அறிக்கைகளையே அவன் பெரிதும் நம்பினான். சிக்கனம் அவனுக்கு இரண்டாம் இயல்பாயிற்று. கணக்குப் புத்தகத்தோடு அத்தனை நெருக்கமாக வாழ்ந்த முடிமன்னர் அந்நூற்றாண்டில் மிகச் சிலரே.

ஆட்சியின் தொடக்கமே ஆத்திரத்தில் விளைந்தது. டென்மார்க்கின் தெற்கெல்லையில் ஹோல்ஸ்டைன்–கோட்டார்ப் என்ற சிறு பிரபுநாடு ஒன்று இருந்தது. அதன் பிரபுக்கள் டேனிய ராஜ வம்சத்தின் ஒரு கிளையினரே ஆயினும், ஸ்வீடனோடு கைகோத்து டென்மார்க்கின் முதுகில் எப்பொழுதும் ஓர் ஆயுதத்தை நீட்டிக்கொண்டிருந்தனர். அப்போதிருந்த பிரபு சார்லஸின் சகோதரியை மணந்தவன். சார்லஸோ பிரெடெரிக்குக்கு அத்தை மகன். இவ்வாறு பங்காளிச் சண்டையாகத் தொடங்கியதே, பீட்டரும் சாக்ஸனி–போலந்து மன்னன் அகஸ்டஸும் சேர்ந்துகொண்டதும், இருபத்தோராண்டு யுத்தமாக நீண்டது. 1700-இல் டேனியப் படை தெற்கே டோனிங் கோட்டையை முற்றுகையிட்டிருக்கையில், ஆங்கிலேய, டச்சுக் கப்பல்களின் துணையோடு சார்லஸ் கோபன்ஹேகனுக்குச் சற்று வடக்கே ஹும்லபெக் என்னுமிடத்தில் கரையிறங்கிவிட்டான். மன்னன் தலைநகரில் இல்லை. நகரக் காவலுக்கு ஊக்கமளித்து நின்றவள் அவன் தாய் சார்லோட் அமாலியே. ஆகஸ்டு 18-ஆம் நாள் டிராவெந்தால் என்னுமிடத்தில் சமாதானம் செய்துகொண்டு பிரெடெரிக் ஒதுங்க வேண்டியதாயிற்று.

அதே 1700-இல் நடந்த இன்னொரு காரியத்தை இங்கே குறிப்பிடாமல் அப்பால் செல்ல மனம் வரவில்லை. ஒளிக்கும் ஒரு வேகம் உண்டென்று முதன்முதல் காட்டிய வானசாஸ்திரி ஓலே ரோமரின் யோசனைப்படி, அவ்வாண்டு பிப்ரவரி 18-ஆம் தேதிக்கு மறுநாள் மார்ச் 1-ஆம் தேதி என்று வைத்து, டென்மார்க் பழைய பஞ்சாங்கத்தைக் கைவிட்டது. தெருவிளக்கு முதலிய கோபன்ஹேகன் நகரக் காரியங்களையும் பின்னர் அந்த ரோமரே கவனித்து வந்தார். வாளால் ஒரு சாண் நிலமும் பெறாத வருஷத்தில், எழுதுகோலால் பதினொரு நாளைக் கழித்தான் மன்னன் என்று சொல்லலாம்.

தோல்விக்குப் பின் ஒன்பதாண்டுகள் அவன் போருக்குப் போகவில்லை. ஆனால் அவன் படை போயிற்று. 1701-இல் பன்னிரண்டாயிரம் வீரர்களை ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரருக்கும் கூலிக்கு விட்டான்; பிளெனிம் போர்க்களத்தில் பிரெஞ்சுக்காரரோடு பொருது மாண்டவர்களுள் டேனியக் குடியானவர்களின் பிள்ளைகளும் உண்டு. சேனையைப் பிறர் செலவில் பயிற்றுவிக்கும் இந்த ஏற்பாட்டைச் சாமர்த்தியம் என்று கருதியவர்கள் அக்காலத்தில் அநேகர். அந்நியன் வழக்கில் தன் பிரஜையின் உயிரை விலை பேசுதல் எந்தக் கணக்குப் புத்தகத்தில் வரவாக எழுதத் தக்கது என்று நாம் கேட்கலாம். அக்காலத்து ஜெர்மானியச் சிற்றரசர்கள் பலரும் செய்த வியாபாரமே இது என்பது விடையாகாது.

1708-ஆம் ஆண்டின் முடிவில், ஓல்டன்பர்க் பிரபு என்ற மாற்றுப் பெயரோடு, மன்னன் வெனிஸ் நகரம் சென்றான். இளவரசனாக ஒருமுறை கண்ட இத்தாலி தேசம் அவன் உள்ளத்தை விட்டு அகலவே இல்லை. அந்தக் குளிர்காலம் ஐரோப்பா முழுவதும் நினைவில் வைத்த கொடிய குளிர்காலம். வெனிஸின் கடற்கழியே உறைந்தது. பியெட்டா என்ற அனாதைப் பெண்கள் இல்லத்தின் இசையரங்குக்கு அவன் சென்று கேட்டான். அங்கே இசை பயிற்றிய அந்தோனியோ விவால்டி தம் இரண்டாம் நூலான வயலின் சொனாட்டாக்களை 1709-இல் அவனுக்கே சமர்ப்பித்தார். கோபன்ஹேகனுக்கு வெளியே குன்றின்மேல் இன்றும் நிற்கும் பிரெடெரிக்ஸ்பர்க் மாளிகையின் அமைப்பில், இத்தாலிய உல்லாச மாளிகைகளின் சாயல் தெரிகிறது. திரும்பும் வழியில், டிரெஸ்டனில் அகஸ்டஸையும் பெர்லினுக்கருகில் பிரஷியா மன்னனையும் கண்டு பேசினான். அவன் ஜெர்மனியில் இருக்கும்போதே, பொல்டாவாவில் பீட்டரின் படையிடம் சார்லஸின் சேனை அழிந்தது.

பகைவன் துருக்கியில் அகதியாக இருக்கிறான் என்றதும், பாட்டன் காலத்தில் ஸ்வீடனிடம் இழந்த ஸ்கோனே மாகாணத்தை மீட்கும் ஆசை தலைதூக்கியது. நவம்பர் மாதம் படை கடல் கடந்தது. 1710 மார்ச்சில் ஹெல்சிங்பர்க் அருகே மாக்னுஸ் ஸ்டென்பாக் என்ற ஸ்வீடன் சேனாபதி அப்படையை முறியடித்தான். தோற்ற சேனை கப்பலேறுவதற்கு முன், பகைவர் கையிற் சிக்கலாகாதென்று தன் குதிரைகளை ஆயிரக்கணக்கில் கொன்று போட்டுச் சென்றது. அதற்குப் பிறகு டேனியர் ஸ்கோனேயில் படையெடுத்துக் கால் வைக்கவே இல்லை. மறு வருஷம் கோபன்ஹேகனில் கொள்ளை நோய் புகுந்து, நகர மக்களுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரைக் கொண்டுபோயிற்று. 1712 டிசம்பரில் காடபுஷ் போரில் ஸ்டென்பாக் மீண்டும் வென்றான். அடுத்த மாதம், ஹாம்பர்க்கை அடுத்திருந்த டேனிய நகரமாகிய அல்டோனாவை, நடுக்குளிர்காலத்தில், தீக்கிரையாக்கினான். ஆனால் அவ்வெற்றியே அவனுக்குப் பொறியாயிற்று. டோனிங் கோட்டைக்குள் அடைபட்ட அவன் 1713 மே மாதத்தில் சரணடைந்து, கோபன்ஹேகன் சிறையிலேயே நான்காண்டுகளுக்குப் பின் இறந்தான்.

போரின் பிற்பகுதி டென்மார்க்குக்கு ஓரளவு அனுகூலமாகவே சென்றது. 1715-இல் ஸ்ட்ரால்சுண்ட் கோட்டை வீழ்ந்தது. முற்றுகைப் பாசறையில் மன்னன் தானே இருந்தான். கடலில், நார்வே நாட்டு டிராண்ட்ஹைமில் பிறந்த பேட்டர் வெஸ்ஸல் என்ற இளைஞன் தோன்றினான். ‘டோர்டன்ஷால்ட்’ என்ற பட்டம் பெற்ற அவன், 1716 ஜூலையில் டினகீலன் துறையில் ஸ்வீடனின் தளவாடக் கப்பல் கூட்டத்தை அழித்து, நார்வேக்குள் புகுந்திருந்த சார்லஸைப் பின்வாங்கச் செய்தான். அவ்வாண்டே பீட்டர் தன் சேனையோடு கோபன்ஹேகனில் வந்திறங்கி, இரு நாட்டுப் படைகளும் சேர்ந்து ஸ்கோனேயில் இறங்குவதென்று ஏற்பாடாகி, கடைசி நேரத்தில் பீட்டர் மறுத்துவிட்டான். பல்லாயிரம் ருஷிய வீரர் தலைநகரின் வாயிலில் கூடாரமிட்டிருக்க, வந்த நண்பன் எப்போது போவான் என்று பிரெடெரிக் கவலையோடு காத்திருந்த அந்த வாரங்களை எண்ணினால், பகைவனைக் காட்டிலும் துணைவனே அவனை அதிகம் அச்சுறுத்தினான் என்று தோன்றுகிறது.

1718-இன் முடிவில் சார்லஸ் மாண்டபின் சமாதானம் எளிதாயிற்று. 1720 ஜூலை 3-ஆம் நாள் பிரெடெரிக்ஸ்போர்க் அரண்மனையில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, பிடித்த ஸ்ட்ரால்சுண்ட், வீஸ்மார், ரூகன் தீவு எல்லாவற்றையும் டென்மார்க் திருப்பிக் கொடுத்தது. பெற்றவை மூன்று: ஆறு லட்சம் ரிக்ஸ்டாலர் பணம், ஓரெசுண்ட் ஜலசந்தியைக் கடக்கும் கப்பல்களுக்கு விதித்த சுங்கத்திலிருந்து ஸ்வீடனுக்கு இருந்த விலக்கு ஒழிந்தமை, ஷ்லெஸ்விக்கில் கோட்டார்ப் பிரபுவின் பங்கு, இங்கிலாந்து, பிரான்ஸ் ஆகியவற்றின் உத்தரவாதத்தோடு, மன்னனுக்கு உரியதானமை. இருபதாண்டு ரத்தத்துக்கு இது சொற்பக் கூலி என்று பலர் எழுதியிருக்கின்றனர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஸ்கோனே கனவு, தெற்கெல்லையின் ஆயுதமோ மெய்யான ஆபத்து. அந்த ஆயுதம் அன்று பறிக்கப்பட்டது. கோட்டார்ப் பிரபு பின்னர் பீட்டரின் மகளை மணந்தமையால் ருஷியா என்ற பூதம் சில காலம் வாசலில் நின்று பயமுறுத்தியது உண்மையே. ஆயினும் அதற்குப் பின் எண்பதாண்டுகள் டென்மார்க் பெரும்போர் எதிலும் சிக்காமல் வாழ்ந்தது. அந்தச் சமாதானத்தின் பெயராலேயே பிரெடன்ஸ்போர்க் மாளிகையைக் கட்டி, வெற்றிச் சின்னத்தைக் காட்டிலும் அமைதிச் சின்னமே தனக்கு உவப்பானது என்பதை மன்னன் ஒப்புக்கொண்டான்.

இனி அவனது இல்வாழ்க்கை. 1695-இல் மணந்த ராணி லூயிசா பக்தி மிகுந்தவள். 1703-இல், அவள் இருக்கையிலேயே, எலிசபெத் ஹெலன் பான் வியரெக் என்ற பெண்ணை மன்னன் மணந்தான். மறு வருஷமே அவள் பிரசவத்தில் இறந்தாள். 1712-இல், காலஞ்சென்ற மகா மந்திரி ரெவெண்ட்லோவின் மகள் அன்னா சோபியாவை, தாயின் சம்மதமின்றி, கிளவுஸ்ஹோல்ம் மாளிகையிலிருந்து இரவோடிரவாகக் கொண்டுபோய் மணம் புரிந்தான். சாதாரணப் பிரஜை செய்திருந்தால் சிறைக்கு அனுப்பும் குற்றம். தெய்வத்தைத் தவிர நியாயாதிபதியில்லாத ஒருவன் செய்யும்போது, உபதேசிகள் முணுமுணுப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். 1721 மார்ச்சில் லூயிசா இறந்தாள். ஏப்ரல் 4-ஆம் நாள், துக்கக் கறுப்பு களையாதிருக்கும்போதே, அன்னா சோபியாவை முறைப்படி மணந்து, மே மாதத்தில் அவளுக்கு ராணியாக முடிசூட்டினான். மன்னனின் தம்பி கார்லும் தங்கை சோபியா ஹெட்விக்கும் வெறுப்புற்று அரண்மனையை விட்டு வெளியேறினார்கள். அன்னா சோபியா பெற்ற ஆறு குழந்தைகளுள் ஒன்றும் சிசுப் பருவத்தைத் தாண்டவில்லை. தன் பாவத்துக்குத் தெய்வம் விதிக்கும் தண்டனை என்றே மன்னன் அம்மரணங்களைக் கொண்டான். அவன் பிற்கால ஆட்சியின் நிறமே அதனால் மாறிற்று.

இந்தப் பாவ உணர்ச்சிக்கும் தரங்கம்பாடிக்கும் சம்பந்தம் காட்ட முயன்றவர்கள் உண்டு. எலிசபெத் ஹெலன் இறந்தது 1704. அரசகுருவாகிய லுட்கென்ஸிடம், இந்தியாவுக்கு அனுப்பப் போதகர்களைத் தேடுமாறு மன்னன் ஆணையிட்டது அதற்கடுத்த ஆண்டு. தேதிகள் நெருங்கியிருப்பது ஒன்றே ஆதாரமாகிவிடாது. 1620-இல் தஞ்சை நாயக்க மன்னரோடு செய்த உடன்படிக்கையால் தரங்கம்பாடி டேனியர் வசமாகி எண்பத்தைந்தாண்டு சென்றிருந்தது; அதுகாறும் அங்குள்ள மிளகையும் துணியையும் பற்றியன்றி, அங்குள்ள ஜனங்களின் ஆன்மாவைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை. சமயம் காத்தலை முதற் கடமையாக விதித்த சாசனத்தை எழுத்தெழுத்தாக நம்பிய ஒரு மன்னனுக்கு, தன் கொடி பறக்கும் இடத்திலெல்லாம் அக்கடமை உண்டென்று தோன்றியதில் வியப்பில்லை.

டென்மார்க்கில் தக்கவர் கிடைக்காமையால், ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தைச் சேர்ந்த இரு ஜெர்மானிய இளைஞர்கள் தெரிந்தெடுக்கப்பட்டனர். பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்ரிக் புளுட்சோவும் 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். அவர்களை அனுப்பியவன் மன்னன்; அந்த ஊரை ஆண்டதோ கிழக்கிந்தியக் கம்பெனி. கம்பெனியாருக்கு வியாபாரத்துக்கு இடையூறான எதிலும் விருப்பமில்லை. கோட்டைத் தலைவன் ஹாசியுஸ் அவர்களைத் தொடக்கத்திலிருந்தே அலட்சியம் செய்து, 1708-ஆம் ஆண்டின் முடிவில் சீகன்பால்கை டான்ஸ்பர்க் கோட்டையில் நான்கு மாத காலம் சிறையும் வைத்தான். மன்னனின் கையெழுத்திட்ட நியமனப் பத்திரத்தை வைத்திருந்த ஒருவரை, மன்னனின் கொடியே பறக்கும் கோட்டையில், மன்னனின் பிரஜையே சிறை வைக்கிறான்! நாற்பது விதிகளில் எழுதப்பட்ட வரம்பற்ற அதிகாரம், கப்பலில் ஏழு மாத தூரம் கடந்ததும் என்ன ஆயிற்று என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுவதில்லை.

ஆனால் மன்னன் விட்டுவிடவில்லை. அஞ்சல் வருவாயிலிருந்து ஆண்டுதோறும் இரண்டாயிரம் ரிக்ஸ்டாலர் அந்தத் திருப்பணிக்கு ஒதுக்கினான். 1714-இல் கோபன்ஹேகனில் அதற்கென ஒரு தனிச் சபையை நிறுவினான். ஹாலே நகரத்தாரும், லண்டனிலிருந்த கிறிஸ்தவ ஞானவிருத்திச் சங்கத்தாரும் அச்சு இயந்திரமும் எழுத்துகளும் அனுப்ப, தமிழ்ப் புதிய ஏற்பாடு 1714-க்கும் 1715-க்கும் இடையே தரங்கம்பாடியில் அச்சேறியது. 1715-இல் ஐரோப்பா சென்ற சீகன்பால்க் மன்னனை நேரில் கண்டது அரண்மனையில் அன்று. ஸ்ட்ரால்சுண்ட் முற்றுகைப் பாசறையில். பீரங்கி முழக்கத்தினிடையே, வங்கக் கடலோரத்துப் பள்ளிக்கூடங்களைப் பற்றி மன்னன் கேட்டறிந்த அந்தச் சந்திப்பு, அவனுடைய ஆட்சியின் இரு முகங்களும் ஒருங்கே தோன்றிய சமயம் ஆகும். 1718-இல் எழுந்த புது எருசலேம் ஆலயத்தின் முகப்பில் அவனுடைய முடியும் பெயரெழுத்துகளும் பொறிக்கப்பட்டன. மறு வருஷம் பிப்ரவரியில், முப்பத்தாறு வயதிலேயே, சீகன்பால்க் அவ்வாலயத்துக்குள் அடக்கமானார். கோபன்ஹேகன் சபையின் செயலாளர் வெண்ட் எழுதிய கடுமையான கடிதங்கள் அவரது இறுதிக் காலத்தைக் கசப்பாக்கின என்பதையும் சொல்லவேண்டும். தொலைவிலிருந்து தர்மம் செய்வோர், தர்மம் நடக்குமிடத்தின் வெயிலையும் வறுமையையும் அறிவதில்லை.

இதே காலத்தில், இதே மன்னனின் கொடியோடு, மேற்கிந்தியத் தீவுகளில் செயின்ட் ஜான் தீவு 1718-இல் குடியேற்ற நாடாக்கப்பட்டது. கரும்புத் தோட்டங்களில் உழைக்க ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாகக் கப்பல்களில் கொண்டுசெல்லப்பட்டனர். சோழமண்டலக் கரையின் ஆன்மாக்களுக்காக அஞ்சல் பணத்தை ஒதுக்கிய கை, கினியா கரையின் உடல்களை விற்கும் கம்பெனிக்கு அனுமதிப் பத்திரமும் எழுதிற்று. இந்த முரண்பாட்டை அவன் உணர்ந்தான் என்று காட்டும் அடையாளம் ஒன்றும் இல்லை.

கிரீன்லாந்துக் கதை வேறு விதமானது. 1721-இல் ஹான்ஸ் எகெடே என்ற நார்வே நாட்டுப் போதகர், முன்னாளில் அங்கே குடியேறிய நார்வேஜியரின் சந்ததியார் மீந்திருப்பர் என்று நம்பி, மனைவி மக்களோடு புறப்பட்டார். அத்தகையோர் ஒருவரும் இல்லை. அங்கிருந்தவர்கள் இன்யூட் மக்களே. அவர்களிடையே அவர் தங்கிவிட்டார். 1728-இல் அரசாங்கமே குடியேற்றத்தை மேற்கொண்டு, ஒரு கவர்னரையும், படைவீரரையும், சிறைகளிலிருந்து பொறுக்கியெடுத்து அவசர அவசரமாக ஜோடி சேர்த்து மணம் செய்வித்த கைதிகளையும், பனிமலையைக் குறுக்கே கடப்பதற்கென்று குதிரைகளையும் அனுப்பிற்று! குதிரைகள் மாண்டன, ஜனங்களிற் பலரும் சொறிகரப்பான் நோயால் மாண்டனர். மன்னனின் பணம் இருந்தும் அந்த இடத்தை அறிந்த மனிதரின் சொல் கேட்கப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அக்குதிரைகளே சான்று.

மன்னனுடைய செயல்களுள் மிகச் சிறந்தது எது என்று என்னைக் கேட்பவருக்கு, 1721-இல் தொடங்கிய பள்ளிக்கூடங்களையே காட்டுவேன். குதிரைப்படையைப் பராமரிப்பதற்கென ஒதுக்கிய அரச நிலங்கள் அந்த்வோர்ஸ்கோவ், ஸ்காண்டர்போர்க், கோல்டிங்ஹூஸ் முதலிய பன்னிரண்டு மாவட்டங்களாக இருந்தன. மாவட்டத்துக்கு இருபதாக 240 பள்ளிகளை, செங்கற் சுவரெழுப்பி, ஒரே மாதிரியில், ஆறாண்டுகளுக்குள் கட்டுவித்தான். குடியானவர் பிள்ளைகளுக்குச் சமய பாடமும் வாசிப்பும் இலவசம். எழுத்துக்கும் கணக்குக்கும் மட்டும் சிறு கட்டணம். வாயிலின்மேல் பதித்த கல்லில், தெய்வம் தன்னை ஐம்பதாண்டு காத்தமைக்கு நன்றியாக இவற்றைக் கட்டியதாக மன்னனே செய்யுளில் பேசுகிறான். அக்கட்டிடங்களிற் சில இன்னும் நிற்கின்றன. 1739-இல் அவன் மகன் ஆறாம் கிறிஸ்டியன், நாடெங்கும் கிராமப் பள்ளிகள் வேண்டுமென்று சட்டம் செய்தபோது, செலவு நிலப்பிரபுக்களின் தலையில் விழுந்தது. அவர்கள் எதிர்த்தார்கள், மறு வருஷமே சட்டம் தளர்த்தப்பட்டது. தன் நிலத்தில், தன் பணத்தில், தன் மேற்பார்வையில் செய்தது நிலைத்தது. பிறர் பணத்தை நம்பி இட்ட ஆணை காகிதத்தோடு நின்றது. நான்காம் பிரெடெரிக்கின் ஆட்சி முழுமைக்கும் இந்த ஒரு வேறுபாடே திறவுகோல் என்று நான் எண்ணுகிறேன்.

கடைசி ஆண்டுகள் இருண்டவை. அவ்விருள் சூழுமுன், 1722-இல் கோபன்ஹேகனில் முதல் டேனிய மொழி நாடகசாலை அவன் அனுமதியோடு திறக்கப்பட்டு, லுட்விக் ஹோல்பர்கின் நகைச்சுவை நாடகங்கள் அங்கே அரங்கேறின. 1728 அக்டோபர் 20-ஆம் நாள் பற்றிய தீ மூன்று நாள் எரிந்து நகரத்தின் கால் பங்குக்கு மேல் அழித்தது. சர்வகலாசாலையின் புத்தகசாலையும், ரோமரின் ஆயுட்கால வானியல் குறிப்புகளில் பெரும்பாலானவும் அதில் சாம்பலாயின. தெய்வ கோபம் என்று கருதிய மன்னன் கேளிக்கைகளின்மேல் மனம் கசந்தான், நாடகசாலை மூடியது. ஞாயிற்றுக்கிழமையைக் கடுமையாக அனுஷ்டிக்க வேண்டுமென்ற ஆணை 1730-இல் பிறந்தது. அவ்வாண்டு அக்டோபர் 12-ஆம் நாள், ஐம்பத்தொன்பதாம் பிறந்த நாளுக்கு மறுநாள், நீர்க்கோவையால் நலிந்து ஓடென்ஸே நகரில் அவன் இறந்தான். புதிய மன்னன் தன் சிற்றன்னை அன்னா சோபியாவைக் கிளவுஸ்ஹோல்முக்கே திருப்பி அனுப்பினான். அவள் 1743 வரை அங்கேயே வாழ்ந்தாள்.

எஞ்சி நிற்பது குடியானவர் பிரச்சினை. அவனுடைய கீர்த்திக்கும் அபகீர்த்திக்கும் அதுவே மூலம். சேலண்டு, லோலண்டு, பால்ஸ்டர், மோன் ஆகிய தீவுகளில், குடியானவன் மகன் பிறந்த பண்ணையை விட்டு நகரக்கூடாதென்ற ஒரு பழைய அடிமைத்தளை இருந்தது. 1702-இல் அதை ஒழித்து மன்னன் ஆணை பிறப்பித்தான். ஆணையைக் கூர்ந்து படித்தால், அவன் பட்டத்துக்கு வந்த 1699 ஆகஸ்டுக்குப் பின் பிறந்தவர்களுக்கே அந்த விடுதலை நேராகக் கிட்டியது என்பது விளங்கும். அதாவது, விடுதலை பெற்றவர்களுள் அன்றைக்கு மூன்று வயது நிரம்பியவன் ஒருவனும் இல்லை. முந்தைய ஆண்டிலேயே நாட்டுப்புறக் காவற்படை ஒன்று ஏற்படுத்தப்பட்டிருந்தது. அதற்கு ஆள் பொறுக்கும் அதிகாரம் நிலப்பிரபுவின் கையில் இருந்தது. அடங்காதவனைப் படைக்கு அனுப்புவேன் என்று அச்சுறுத்தினால், சட்டப்படி சுதந்தரனான இளைஞனும் பண்ணையை விட்டு அசையமாட்டான். மன்னன் இதை அறியாதவனல்லன். யுத்தத்துக்கு ஆள் வேண்டும், ஆள் தருகிறவர்கள் பிரபுக்கள், ஆகவே கண்டும் காணாதிருந்தான். ஆயினும் ஆணையை அவன் திரும்பப் பெறவில்லை. சிங்காசனத்தில் அமர்ந்த ஒருவன் தளை அநியாயம் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டது சிறு காரியமன்று. அந்த அளவுக்கு அவனுக்குரிய மதிப்பை மறுத்தல் நியாயமாகாது.

அவன் கண் மூடிய மாதமே ஆறாம் கிறிஸ்டியன் காவற்படையைக் கலைத்தான். கூலியாள் கிடைக்காமல் போகுமென்று பிரபுக்கள் முறையிட்டனர். 1733-இல் காவற்படை மறுபடியும் வந்தது. அதனோடு பதினான்கு முதல் முப்பத்தாறு வயது வரையுள்ள ஆண்கள் பிறந்த பண்ணையை விட்டு நீங்கலாகாதென்ற புதிய சட்டம், இம்முறை தீவுகளுக்கு மட்டுமின்றி டென்மார்க் முழுமைக்கும், வந்தது. அச்சட்டம் ஒழிந்தது 1788-இல். ஒழித்த ஆட்சியை நடத்தியவன் நான்காம் பிரெடெரிக்கின் எள்ளுப்பேரனாகிய பட்டத்து இளவரசன்.